எதிர் வக்கீல் வாய்க்கு வந்தபடி பேசினால்: பார் கவுன்சில் புகார் எங்கே எடுபடும், எங்கே எடுபடாது

குழித்துறை, இரணியல், பத்மநாபபுரம், பூதப்பாண்டி, நாகர்கோவில் என்று குமரி மாவட்டத்தின் எந்தக் கோர்ட் வராந்தாவில் அரை நாள் நின்றாலும் இந்தப் புலம்பல் காதில் விழும்: "கேஸ் தோத்தாலும் பரவாயில்ல, எதிர் வக்கீல் எல்லாரு முன்னாடியும் என்னைப் பேசின பேச்சைத்தான் தாங்க முடியல." பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரர் உடனே வழி சொல்லிவிடுவார்: "பார் கவுன்சிலுக்கு ஒரு பெட்டிஷன் தட்டிவிடு, சன்னதே போயிடும்."

சன்னது, அதாவது வக்கீல்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் பார் கவுன்சில் கொடுக்கும் தொழில் உரிமம், அவ்வளவு சீக்கிரம் போகாது. எதிர்த்தரப்பு வக்கீல் மீது புகார் கொடுக்க யாருக்கும் தடையில்லை; தமிழிலேயே எழுதலாம், அதற்கென்று இன்னொரு வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. ஆனால் கொடுத்த புகார் நிற்குமா என்பது, பேசிய வார்த்தை எவ்வளவு சுட்டது என்பதை வைத்து முடிவாவதில்லை. எந்த இடத்தில், எந்த வேலையின் நடுவில், எந்த ஹோதாவில் அதைச் சொன்னார் என்பதை வைத்தே முடிவாகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதப்படும் புகார்கள்தான் முதல் படியிலேயே விழுகின்றன.

இங்குள்ள சிவில் வழக்குகளின் தன்மையையும் சொல்லியாக வேண்டும். பாகப்பிரிவினை, வழிப்பாதை, எல்லைத் தகராறு, பழைய ஒற்றி. வாதியும் பிரதிவாதியும் பெரும்பாலும் அண்ணன் தம்பி, அல்லது ஒரே விளையில் (தோட்ட நிலத்தில்) அடுத்தடுத்து வீடு கட்டிய பங்காளிகள். வக்கீலிடம் கட்சிக்காரர் கொண்டுவருவது மூன்று சென்ட் நிலத்தின் கதையாக மட்டும் இருக்காது. இருபது வருஷக் கோபமும் கூடவே வரும். அந்தக் கோபத்தை வாங்கி அப்படியே திருப்பி வீசும் வக்கீல் கட்சிக்காரருக்கு ரொம்பப் பிடித்தவராகிவிடுவார். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

விதி என்ன சொல்கிறது?

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் நடத்தை விதிகளை வகுத்திருக்கிறது. கோர்ட்டுக்கு வக்கீலின் கடமை, கட்சிக்காரருக்குக் கடமை, எதிர்த்தரப்புக்குக் கடமை, சக வக்கீலுக்குக் கடமை என்று அது பிரிந்திருக்கும். எதிர்த்தரப்புக்கான பகுதியைத் திறந்தால் ஏமாற்றம்தான். இரண்டே விதி. எதிராளிக்கு வக்கீல் இருக்கும்போது, வழக்கு விஷயமாக அவரிடம் நேரடியாகப் பேசவோ பேரம் நடத்தவோ கூடாது, அவருடைய வக்கீல் வழியாகத்தான் பேச வேண்டும் என்பது ஒன்று. எதிர்த்தரப்புக்குக் கொடுத்த நியாயமான வாக்கை, எழுத்தில் இல்லாவிட்டாலும் காப்பாற்ற வேண்டும் என்பது மற்றொன்று. திட்டக் கூடாது என்று அந்தப் பகுதியில் ஒரு வரிகூட இல்லை.

அந்த வரி கோர்ட்டுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுக்குள், நான்காவது விதியில் இருக்கிறது. வக்கீல் தன் கட்சிக்காரரின் வெறும் ஊதுகுழலாக இருக்கக் கூடாது; கடிதப் போக்குவரத்தில் நிதானமான மொழி வேண்டும்; மனுக்களில் அவதூறான தாக்குதல் கூடாது; வாதத்தின்போது வரம்பு மீறிய வார்த்தைகள் கூடாது. எதிராளியை மரியாதையாக நடத்துவது கோர்ட்டுக்குக் காட்ட வேண்டிய மரியாதையின் ஒரு பகுதி என்றே விதி பார்க்கிறது. ஆகவே புகாரின் மையம் "என் மனசு புண்பட்டது" என்று இருந்தால் அது பலவீனமான புகார். "கோர்ட் நடவடிக்கையில் இன்ன வரம்பை மீறினார்" என்று இருந்தால் விதியோடு பொருந்தும்.

கூண்டில் நிற்கும்போது

குறுக்கு விசாரணையில் கடுமையாகக் கேட்பது வக்கீலின் வேலை. "நீங்கள் சொல்வது பொய்" என்று அவர் சொல்வதை அவமானமாக எடுத்துக்கொண்டு புகார் எழுதினால் அது எங்கும் நிற்காது. நிற்கவும் கூடாது என்பது என் கருத்து. எதிர்த்தரப்புக்குப் பயந்து கேள்வியை விழுங்குகிற வக்கீல் உங்களுக்கே ஒருநாள் வாய்த்தால் தெரியும்.

இந்தப் பாதுகாப்புக்கு மெட்ராஸ் ஐகோர்ட்டில் நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சல்லிவன் - நார்ட்டன் வழக்கில் பல நீதிபதிகள் சேர்ந்த முழு அமர்வு, வக்கீல் தன் தொழிலைச் செய்யும்போது பேசியதற்காக அவர் மீது வழக்குப் போட முடியாது என்றது. 1926இல் திருவேங்கட முதலி - திரிபுரசுந்தரி அம்மாள் வழக்கில் இன்னொரு முழு அமர்வு, கிரிமினல் அவதூறைப் பொறுத்தவரை ஆங்கிலேயச் சட்டத்தின் முழு விலக்கு இங்கே கிடையாது, தண்டனைச் சட்டத்தின் விதிவிலக்குகளுக்குள் வந்தால்தான் பாதுகாப்பு என்று அதைச் சுருக்கியது. அப்போது நம் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது, மெட்ராஸ் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. 1956 நவம்பர் 1 முதல்தான் அந்த மரபு நமக்கும் மரபு. இன்றைய நிலை என்னவென்றால், கட்சிக்காரரின் நலனுக்காக, நல்லெண்ணத்தோடு, வழக்குக்குத் தொடர்பாகப் பேசியதற்கு வக்கீலுக்குப் பாதுகாப்பு உண்டு. தொடர்பே இல்லாமல் பேசியதற்கு அந்தக் குடை விரியாது.

உதாரணத்துக்கு, கருங்கல் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வழியாகப் போகும் நான்கு அடி நடைபாதைக்கு வழக்கு என்று வைத்துக்கொள்வோம். வாதி ஒரு பெண். "இந்தப் பாதையை நீங்கள் ஐந்து வருஷமாகப் பயன்படுத்தவே இல்லை, பொய் சொல்கிறீர்கள்" என்று எதிர் வக்கீல் கேட்டால் அது கேள்வி. "புருஷனை விட்டுட்டு வந்தவங்கதானே நீங்க, ராத்திரி எந்த வழியா வந்து போவீங்கன்னு ஊருக்கே தெரியுமே" என்றால் பாதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாட்சியின் நடத்தையைக் குலைக்கும் கேள்வியை, அதற்கு நியாயமான ஆதாரம் இருப்பதாக நம்பினால் மட்டுமே கேட்கலாம் என்பது சாட்சியச் சட்டம். யாரென்றே தெரியாத சாட்சியிடம் குத்துமதிப்பாக "நீ கொள்ளைக்காரனா?" என்று கேட்பது தவறு என்று 1872ஆம் ஆண்டுச் சட்டம் உதாரணமே கொடுத்திருந்தது. இப்போது நடப்பில் உள்ள 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் இவை 152 முதல் 155 வரையுள்ள பிரிவுகள். அநாகரிகமான கேள்வியை நீதிபதி தடுக்கலாம்; அவமானப்படுத்தவே கேட்கும் கேள்வியைத் தடுத்தே ஆக வேண்டும். ஆதாரமே இல்லாமல் அப்படி ஒரு கேள்வியை வக்கீல் கேட்டிருந்தால், நீதிபதி அதை ஐகோர்ட்டுக்கோ அவர் மீது நடவடிக்கை எடுக்கும் அமைப்புக்கோ தெரிவிக்கலாம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில் இன்னும் கண்டிப்பு: குழந்தையிடம் ஆக்ரோஷமாகக் கேட்பதையும் நடத்தையைக் கொச்சைப்படுத்துவதையும் சிறப்பு நீதிமன்றம் அனுமதிக்கவே கூடாது என்று 33ஆம் பிரிவு சொல்கிறது.

இதில் கட்சிக்காரர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலரும் கோட்டை விடுவதும் அதைத்தான். கேள்வி வந்த அந்த நொடியிலேயே தன் வக்கீல் வழியாக ஆட்சேபம் தெரிவித்து, அதைப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது: ஆட்சேபத்தை மீறி நீதிபதி கேள்வியை அனுமதித்தால், கேள்வி, பதில், ஆட்சேபம், ஆட்சேபித்தவர் பெயர் எல்லாம் எழுதப்பட வேண்டும். சாட்சியப் பதிவில் ஏறிய அந்த நான்கு வரிக்கு இருக்கும் பலம், ஆறு மாதம் கழித்து எழுதும் நாற்பது பக்கப் புகாருக்கு இருக்காது.

கமிஷனர் வரும் நாள்

கோர்ட்டுக்குள் நீதிபதி முன்னால் வக்கீல்கள் ஓரளவு அடக்கமாகவே இருப்பார்கள். இந்த மாவட்டத்தில் வாய் அதிகம் நீள்கிற இடம் வழக்குச் சொத்து. எல்லை வழக்கில் இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர, கோர்ட் ஒரு வக்கீலை அட்வகேட் கமிஷனராக நியமிக்கும். அவர் சர்வேயரோடு வருவார். இரண்டு தரப்பு வக்கீல்களும் குமாஸ்தாக்களும் வருவார்கள். பார்க்கவென்று பக்கத்து வீட்டார் பத்துப் பேர் மதிலோரம் நிற்பார்கள். சங்கிலி இழுத்து, அத்துக்கல்லை (எல்லைக் கல்லை) தேடி, இந்தப் பலா யாருடைய பக்கம் என்று ஆரம்பிக்கும்போது யாராவது ஒருவர் குரலை உயர்த்துவார். "கல்லைப் பிடுங்கிப் போட்டுட்டு இப்ப கோர்ட்டுக்கு வந்து நடிக்கிறியாலே" என்று எதிர் வக்கீலே ஒருமையில் இறங்கிவிடுவதும் நடப்பதுதான்.

இது கோர்ட் நடவடிக்கையின் ஒரு பகுதி. வக்கீல் அங்கே நிற்பது வக்கீலாகத்தான். ஆகவே விதி இங்கேயும் பொருந்தும் என்று உறுதியாக வாதிடலாம். சாட்சிக்கும் பஞ்சமில்லை. முக்கியமான சாட்சி கமிஷனர்தான். நடந்ததை உடனே அங்கேயே ஒரு மெமோவாக எழுதி அவரிடம் கொடுத்து, அறிக்கையோடு சேர்க்கச் சொல்லலாம். அறிக்கை கோர்ட்டுக்குப் போகும்போது அந்தத் தாளும் போகும். இதைச் செய்யாமல் வீட்டுக்கு வந்து மொபைலில் எடுத்த வீடியோவை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "கேடி வக்கீல்" என்று தலைப்பும் வைத்தால், புகார்தாரரே அவதூறு வழக்கில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். பார் கவுன்சிலுக்கு நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்குச் சட்டத்தின் விதிவிலக்கு உண்டு. வாட்ஸ்அப்புக்கு அது தானாகக் கிடைக்காது.

வக்கீல் நோட்டீஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். "என் கட்சிக்காரர் சொல்லச் சொன்னார்" என்ற முன்னுரை எல்லாவற்றையும் மூடிவிடும் என்று நினைத்துக் கண்டதையும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மூடாது. ஊதுகுழல் ஆகக் கூடாது என்ற விதி அதற்காகத்தான். நோட்டீஸும் மனுவும் எழுத்தில் இருப்பதால் நிரூபிக்கும் சுமையும் குறைவு. மனுவில் அசிங்கமான, தேவையற்ற வாசகம் இருந்தால் அதை அடித்துவிடச் சொல்லிச் சிவில் கோர்ட்டிலேயே கேட்கலாம்.

வராந்தாவும் போனும்

கோர்ட்டுக்கு வெளியே, டீக்கடை வாசலில், போனில் வரும் பேச்சுக்குத் தொழில் பாதுகாப்பு எதுவும் கிடையாது. "கேஸை வாபஸ் வாங்கலைன்னா உன் பையன் வேலைக்குப் போக முடியாது" என்று எதிர் வக்கீல் நேரடியாகப் போன் போட்டுச் சொன்னால், முதலில் அது நேரடித் தொடர்புத் தடையை மீறியது. அடுத்து, கிரிமினல் மிரட்டல். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு. பெண்ணின் மானத்தைக் குலைக்கும் வார்த்தை என்றால் 79ஆம் பிரிவு. இவை போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டிய புகார்கள். பார் கவுன்சில் புகார் அதற்குப் பதிலாகாது. இரண்டும் தனித்தனியே நடக்கலாம்.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் விஷயம் இன்னும் கனமாகிறது. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆள் நிறைந்த கோர்ட் வளாகத்தைவிடப் பொதுப் பார்வை உள்ள இடம் எது? நாகர்கோவில் கோர்ட்டில் ஒரு காலத்தில் வக்கீல்களுக்குள்ளேயே சாதி பார்த்து நாற்காலி வேறு, முக்காலி வேறு, தண்ணீர்ப் பானையும் வேறாக இருந்ததாகவும், பின்னாளில் குமரியைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடிய மார்ஷல் நேசமணி இளம் வக்கீலாக வந்தபோது அதை உடைத்ததாகவும் இந்த மாவட்டத்தில் இன்றும் சொல்வார்கள். அந்தக் கோர்ட்டில் இருந்து வரும் வக்கீல் ஒருவர் எதிராளியின் சாதியை இழுத்தால் அதைச் சாதாரண வாய்த்தகராறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பேன்.

சுப்ரீம் கோர்ட் எங்கே கோடு போடுகிறது?

வழக்கறிஞர்கள் சட்டத்தில் பார் கவுன்சில் நடவடிக்கைக்கான 35ஆம் பிரிவு "தொழில்முறைத் தவறு அல்லது வேறு தவறு" என்கிறது. இந்த "வேறு தவறு" எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எல்லோரும் காட்டும் வழக்கு 1997ஆம் ஆண்டின் ஹிக்மத் அலி கான் தீர்ப்பு. உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி என்ற ஊரின் கோர்ட் அறைக்குள்ளேயே 1971இல் ஒரு வக்கீல் தன் எதிராளியைக் கத்தியால் குத்தினார். கொலை முயற்சிக்குத் தண்டனை பெற்றார். கடைசியில் சுப்ரீம் கோர்ட் அவர் பெயரை வக்கீல் பட்டியலிலிருந்தே நீக்கியது.

மறுபக்கம் 2004ஆம் ஆண்டின் நோரத்தன்மல் சௌராரியா தீர்ப்பு. அங்கே வக்கீல் எதிர்த்தரப்பைச் சேர்ந்தவரைத் திட்டினார், தாக்கினார் என்பது புகார். ஆனால் அவர் அந்த வாடகை வழக்கில் வக்கீலாக ஆஜராகவில்லை, தானே ஒரு தரப்பு. புகார் சுப்ரீம் கோர்ட்டில் நிற்கவில்லை. அண்ணன் தம்பி வழக்கில் தம்பியே வக்கீலாக இருப்பது நம் ஊரில் அபூர்வமில்லை. அப்படிப்பட்டவர்கள் இந்தத் தீர்ப்பை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

2025 செப்டம்பரில் வந்த தீர்ப்புதான் எதிர்த்தரப்புப் புகார்களுக்குப் பெரிய முட்டுக்கட்டை. மகாராஷ்டிரா - கோவா பார் கவுன்சில் தொடர்பான வழக்கு அது. தொழில்முறைத் தவறு என்று நடவடிக்கை எடுக்க, பொதுவாகப் புகார்தாரருக்கும் அந்த வக்கீலுக்கும் இடையே ஒரு சட்ட உறவு இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. வக்கீல் - கட்சிக்காரர் என்பது போன்ற உறவு. எதிர்த்தரப்பு வக்கீல் தன் கட்சிக்காரருக்காக வழக்கு நடத்தியதையே குற்றமாக்கும் புகார்களுக்கு இது பூட்டு. யோசிக்காமல் புகாரை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பியதற்காக பார் கவுன்சிலுக்கே 50,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது.

அப்படியானால் எதிராளிக்குக் கதவு முழுவதும் மூடிவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோர்ட் "பொதுவாக" என்றுதான் சொன்னது. பேச்சு தொழில்முறைத் தவறைப் பற்றியது. "வேறு தவறு" என்ற சொல் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. தவிர, எதிராளியிடம் நேரடியாகப் பேரம் பேசக் கூடாது என்ற விதி யாரைக் காப்பதற்காக? எதிராளியைத்தான். அவரே புகார் சொல்ல முடியாது என்றால் அந்த விதிக்கு அர்த்தமில்லை. ஆனால் வெறும் வாய்ப்பேச்சை மட்டும் வைத்துப் போகும் புகார் முன்பைவிடக் கடினமாகிவிட்டது என்பது நிஜம்.

புகார் எப்படிப் போகும்?

மாவட்ட நீதிபதிக்கு எழுதினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சன்னது மீது அவருக்கு அதிகாரம் இல்லை. வக்கீல்களைத் தொழில் செய்யவிடாமல் நிறுத்தும் அதிகாரத்தை 2016இல் மெட்ராஸ் ஐகோர்ட் தன் விதிகளில் எழுதிக்கொண்டபோது மாநிலம் முழுக்கப் போராட்டம் நடந்தது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அந்த விதிகளை ரத்து செய்தது. ஆக, இடம் சென்னை ஐகோர்ட் வளாகத்தில் உள்ள தமிழ்நாடு - புதுச்சேரி பார் கவுன்சில். 2004இல் மதுரைக் கிளை வந்த பிறகு நம் அப்பீல்களுக்கு மதுரை போதும். பார் கவுன்சில் புகாருக்கு மட்டும் இன்றும் சுமார் 700 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்குத்தான் எழுத வேண்டும்.

புகாரில் கையெழுத்து, சத்தியப் பிரமாணம் போன்ற உறுதிமொழி, கட்டணம் எல்லாம் வேண்டும். வக்கீலின் விளக்கம் கேட்கப்படும். முகாந்திரம் இருப்பதாகக் கவுன்சில் நம்பினால்தான் மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். அங்கே சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. சந்தேகத்தின் பலன் வக்கீலுக்குத்தான், ஏனென்றால் போகப்போவது ஒருவரின் பிழைப்பு. குற்றம் நிரூபணமானால் கண்டனம், தற்காலிக நீக்கம், பெயர் நீக்கம் என்று மூன்று தண்டனைகள். நஷ்டஈடு கிடையாது, உங்கள் சொத்து வழக்கின் போக்கும் இதனால் மாறாது.

ஆகவே எழுதும் விதத்தில்தான் பாதி இருக்கிறது. "என்னை மிகவும் கேவலமாகவும் தரக்குறைவாகவும் பேசினார்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எந்தத் தேதி, எந்தக் கோர்ட், வழக்கு எண், என்ன கட்டம், அவர் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை கொச்சையாக இருந்தாலும் அப்படியே, யார் யார் கேட்டார்கள், அப்போதே ஆட்சேபித்தீர்களா என்று எழுத வேண்டும். வாய்தா வாங்கியது, வழக்கை இழுத்தடித்தது, கட்சிக்காரரோடு சேர்ந்து சதி செய்தது என்று எல்லாக் கோபத்தையும் ஒரே புகாரில் கொட்டினால், நிற்கக்கூடிய ஒரு குற்றச்சாட்டும் அந்தக் கும்பலோடு அடித்துக்கொண்டு போய்விடும். வசதியில்லாதவர்கள் நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உதவி கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஒரு வருஷத்துக்குள் மாநிலக் குழு முடிக்கவில்லை என்றால் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 36பி பிரிவின்படி புகார் டெல்லியிலுள்ள இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். அப்படி மாறிய புகார்கள் அங்கேயும் தேங்குவதைப் பார்த்து, அவற்றை ஒரு வருஷத்துக்குள் முடிக்கச் சொல்லி 2021 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. மாநிலக் குழுவின் முடிவு பிடிக்காதவர் 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கும், அங்கிருந்து இன்னொரு 60 நாளுக்குள் சுப்ரீம் கோர்ட்டுக்கும் அப்பீல் போகலாம்.

அப்புறம், சமரசம். இங்கே குடும்ப வழக்குகள் பாதியில் பங்குச்சாமி (கோயில் பாதிரியார்) முன்னிலையிலோ ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலோ பேசி முடிவதுண்டு. முடியும்போது "அந்த வக்கீல் பெட்டிஷனையும் வாபஸ் வாங்கிடு" என்பது ஒரு நிபந்தனையாக வரும். வாபஸ் மனு கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் சமரசமாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் புகாரைக் கைவிடக் கூடாது என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. புகார் பதிவான பிறகு அது வக்கீலுக்கும் பார் கவுன்சிலுக்கும் இடையிலான விஷயம். வழக்குச் சொத்தில் மதில் கட்டி முடித்து, இரண்டு வீடும் ஒருவர் கல்யாணத்துக்கு ஒருவர் போய் வந்த பிறகும்கூட, சாட்சி சொல்ல வரச் சொல்லிச் சென்னையிலிருந்து நோட்டீஸ் வரலாம்.